மூன்று தாய்மார்களின் மரணம் உருவாக்கிய மருத்துவர்: வேலூர் ஐடா ஸ்கடர்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பெயரைக் கேள்விப்படாத தமிழர்கள் குறைவு. தமிழ்நாட்டில் உறவுகள் உள்ள நம் குடும்பங்களில், பெரிய நோய் என்றால் வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினோம் என்று யாராவது சொல்லக் கேட்டிருப்போம். அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் ஐடா சோஃபியா ஸ்கடர். அமெரிக்கக் குடும்பத்தில், தமிழ் மண்ணில் பிறந்தவர்.

அவர் மருத்துவரானதற்குக் காரணம் ஒரே இரவில் பிரசவ வேதனையில் இறந்துபோன மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள். அந்த மூவருக்கும் நோய் புதிதல்ல, மருந்தும் தூரத்தில் இல்லை. உதவி அவர்களிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கர்ப்பிணிகள் 12 வாரத்துக்குள் முதல் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று நம் நாட்டு கிளினிக்குகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. இருந்தும் ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம் என்று வயிறு தெரிந்த பிறகே முதன்முறையாக வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு ஐடாவின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

ராணிப்பேட்டையில் பிறந்தவர்

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் நாள் வட ஆற்காட்டு ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்து, அங்கே பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தவர். தந்தையின் பெயரும் ஜான். அவரும் மருத்துவர், பாதிரியார். குடும்பத்தில் அடுத்தடுத்துப் பலர் இந்தியாவுக்கு வந்து சமயப் பணியும் மருத்துவப் பணியும் செய்தார்கள்.

அந்த வீட்டின் ஒரே மகளுக்கு அந்த வாழ்க்கையில் விருப்பம் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைச் சிறுமியாக நேரில் பார்த்தவர் அவர். பசியால் துடித்த குழந்தைகள் அவர் மனத்தில் பதிந்துவிட்டார்கள். பிறகு அமெரிக்காவில் படித்தபோது, திரும்பவும் இந்தியாவுக்கு வருவதில்லை, அங்கேயே வசதியாக வாழ்வது என்று முடிவு செய்திருந்தார்.

தாயாரின் உடல்நலம் கெட்டதால், அவரைக் கவனித்துக்கொள்ள 1890-இல் ஐடா திண்டிவனத்துக்கு வர நேர்ந்தது. கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது என்பதுதான் திட்டம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

திண்டிவனத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் ஓர் இரவு, ஐடா தனியே உட்கார்ந்திருந்தபோது ஒரு பிராமண இளைஞர் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருடைய மனைவிக்குப் பிரசவ வலி. அந்தப் பெண்ணுக்கு வயது 14 என்று சொல்லப்படுகிறது. மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா வந்து உதவ வேண்டும் என்று கேட்டார்.

தனக்கு மருத்துவம் தெரியாது, தன் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா சொன்னார். அந்தக் கணவர் மறுத்துவிட்டார். அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்பது அவர் நினைப்பு. அப்படியே திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் ஆடவர் வந்தார். அவர் மனைவிக்கும் அதே நிலைமை. ஆண் மருத்துவர் என்றதும் அவரும் அதே காரணத்துக்காக மறுத்தார். பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவரும் உயர்சாதி இந்து. அவருடைய முடிவும் மாறவில்லை.

ஐடாவுக்கு அன்று தூக்கம் வரவில்லை. விடிந்ததும் சாவுமேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. மருத்துவர் ஒருவர் அருகிலேயே இருந்தும் மூவருக்கும் உதவி கிடைக்கவில்லை.

அந்தக் காலை ஐடா தன் பெற்றோரிடம் போய், அமெரிக்கா திரும்பி மருத்துவம் படிக்கப் போவதாகவும், பிறகு இந்தியப் பெண்களுக்கு உதவ இங்கேயே வரப்போவதாகவும் சொன்னார். சொன்னபடியே செய்தார். முதலில் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியிலும், பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் படித்து 1899-இல் பட்டம் பெற்றார். கார்னெலில் பெண்களுக்கு இடம் கிடைத்த முதல் காலகட்டம் அது.

வேலூரில் ஒரு சின்ன அறை

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். கையில் 10,000 டாலர் நன்கொடை இருந்தது. நியூயார்க் வங்கியாளர் ஒருவர் இறந்துபோன தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக, பெண்கள் மருத்துவமனை கட்டக் கொடுத்த பணம் அது.

உடன் இருந்து தொழில் கற்றுத் தரவேண்டிய தந்தை அந்த ஆண்டே காலமானார். புது மருத்துவர், ஊரும் புதிது, நம்பி வருகிறவர்களும் குறைவு. வீட்டிலேயே ஒரு சின்ன அறையை மருந்தகமாக்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். வீட்டில் வேலை பார்த்தவரின் மனைவி சலோமி என்பவரைப் பழக்கி உதவிக்கு வைத்துக்கொண்டார். முதல் இரண்டு ஆண்டுகளில் 5,000 பேர் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டதாகக் கணக்கு. 1902-இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வேலூரில் திறக்கப்பட்டது.

ஏன் தாமதமாக வந்தார்கள்?

மருத்துவமனை வந்துவிட்டது. மருத்துவரும் பெண்தான். இனி எல்லாப் பெண்களும் வந்துவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. ஆண் மருத்துவர் என்ற ஒரு தடை நீங்கியதும், அதன் பின்னால் மறைந்திருந்த மற்றத் தடைகள் தெரியத் தொடங்கின.

முதலாவது, முடிவெடுக்கிறவர் அந்தப் பெண் அல்ல. வலி அவளுக்கு, ஆனால் போகலாமா வேண்டாமா என்று சொல்கிறவர்கள் கணவரும் மாமியாரும். அவர்கள் கூடிப் பேசி, மருத்துவச்சி கைவிரித்த பிறகே வண்டி கட்டுவார்கள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி பற்றிய பயம். கடைசி நேரத்தில் கொண்டு போனவர்கள் அங்கே இறந்தார்கள். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போனால் பிணமாகத்தான் வரவேண்டும் என்ற பேச்சு பரவியது. அந்தப் பயம் அடுத்தவரையும் தாமதப்படுத்தியது. தாமதம் மரணத்தையும், மரணம் தாமதத்தையும் வளர்த்தன.

மூன்றாவது, தூரமும் கூலியும். மாட்டு வண்டியில் ஒரு நாள் பயணம் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். கூட வருகிறவருக்கும் கூலி போகும். அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் அல்ல.

நான்காவது, கர்ப்பம் நோய் இல்லையே என்ற எண்ணம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பிறகு எதற்கு வைத்தியரிடம் போவது? கால் வீங்கினால் பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வழக்கம்தான் என்றார்கள். முதல் மூன்று மாதம் கண்ணேறு பட்டுவிடும் என்று வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்வதும் வழக்கம்.

இதற்கு அந்தப் பெண்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கர்ப்ப காலம் முழுவதும் மருத்துவரிடம் காட்டுவது என்ற ஏற்பாடு அன்று உலகத்துக்கே புதியது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ மகப்பேற்று மருத்துவமனையில் டாக்டர் பாலன்டைன் என்பவரின் முயற்சியால், பிரசவத்துக்கு முந்தைய கவனிப்புக்கென்று 1901-இல் ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு கட்டில். ஐடா வேலூரில் தொழில் தொடங்கிய அதே காலம் அது.

சாலையோர மருத்துவம்

பெண்கள் வரவில்லை என்றால் நாம் போவோம் என்பது ஐடா எடுத்த முடிவு. 1906 வாக்கில் மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, வேலூரைச் சுற்றிய கிராமங்களுக்குப் புறப்பட்டார். சில ஆண்டுகளில் மோட்டார் வண்டி கிடைத்தது. மாடோ குதிரையோ இல்லாமல் ஓடும் வண்டியைக் கண்டு முதலில் சிலர் பேய் என்று பயந்து ஓடினார்களாம்.

வேலூரிலிருந்து குடியாத்தம் வரை வாரம் தோறும் போவார். வழியில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். எந்த நாளில் எந்த மரத்தடி என்று மக்களுக்குத் தெரியும். கண் நோய்க்காரர்கள், புண் வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த தாய்மார்கள் எல்லாரும் அங்கே காத்திருப்பார்கள். அவசரமானவர்களை வண்டியிலேயே ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு வருவார்.

இதில் ஒரு பெரிய பயன் இருந்தது. குழந்தையின் கண்ணுக்கு மருந்து வாங்க வந்த பெண், அடுத்த முறை தன் வயிற்றைப் பற்றிப் பேசுவாள். முகம் தெரிந்த மருத்துவர், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடி, கூலியை இழக்க வேண்டாம், மாமியாரும் கூடவே வந்து பார்க்கலாம். நான்கு தடைகளும் ஒரே இடத்தில் குறைந்தன. இன்றைய நடமாடும் கிளினிக்குகளுக்கு முன்னோடி என்று அந்தச் சாலையோர மருத்துவத்தைச் சொல்லலாம்.

உள்ளூர்ப் பெண்களே மருத்துவராக

ஒரு மருத்துவர் எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? அந்தந்த ஊர்ப் பெண்களே படித்து வந்தால்தான் இது தீரும் என்று ஐடா உணர்ந்தார். 1909-இல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1918 ஆகஸ்ட் 12-ஆம் நாள் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது.

அரசு அதிகாரிகளுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆண்களே தேர்வில் அதிகம் தோற்கும்போது பெண்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்ற எண்ணம் இருந்தது. முதல் அணியில் இறுதிவரை படித்த 14 பெண்களும் தேர்ச்சி பெற்று 1922-இல் மருத்துவர்களாக வெளியே வந்தார்கள். அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் விருதும் கிடைத்தது.

1930-களின் இறுதியில், பழைய சான்றிதழ் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக மாற்ற வேண்டும் என்று சென்னை அரசு சொன்னபோது பள்ளியே மூடப்படும் நிலை வந்தது. 70 வயதில் ஐடா மீண்டும் அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். இந்தியா விடுதலை பெற்ற பிறகு, டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற மகப்பேற்று மருத்துவர் அந்த நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார்.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே 24-ஆம் நாள் 89 வயதில் காலமானார். இந்திய அஞ்சல் துறை 2000-ஆம் ஆண்டில் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

கப்பலேறி வந்தவை

ஐடா மாட்டு வண்டியில் சுற்றிய வட ஆற்காடு, நம் முன்னோர் பலரின் ஊர். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கப்பட்ட மாவட்டங்களில் அதுவும் முக்கியமானது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள் முதலில் இறங்கிய துறைமுகம் பினாங்கு. 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பலை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். சாமான்களோடு அந்தப் பழக்கங்களும் பயங்களும் வந்து இறங்கின.

தோட்டத்தில் பெண்களும் பால்மரம் வெட்டினார்கள். விடியும் முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் இல்லை. தோட்ட மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸர் பெரும்பாலும் ஆண். அவரிடம் காட்டக் கூச்சம். லயத்திலேயே அனுபவமுள்ள மருத்துவச்சி இருந்தார். ஆகவே பிள்ளை பிறக்கும் வேளை வரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பலர். திண்டிவனத்துக் கதையின் சாயல் இங்கும் இருந்தது.

இதை மாற்றியது, வேலூரில் ஐடா கண்ட அதே வழிதான். விடுதலைக்குப் பிறகு நம் நாடு கிராமப்புறங்களில் சின்னச் சின்ன கிளினிக்குகளை அமைத்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் தாதியரும் வீடு தேடிப் போனார்கள். பழைய மருத்துவச்சிகளை விரட்டாமல் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். 1957-இல் 1 லட்சம் பிரசவங்களுக்கு 200-க்கும் அதிகமான தாய்மார்கள் இறந்த நாடு இது. கோவிட் போன்ற பேரிடர் இல்லாத ஆண்டுகளில் இன்று அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இன்றைய பினாங்கில் என்ன தடை?

இன்று தோட்டங்கள் குறைந்துவிட்டன. நம் பெண்கள் பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறார்கள். கிளினிக் கெசிஹாத்தான் பக்கத்திலேயே இருக்கிறது, பெண் மருத்துவர்களும் பெண் தாதியரும் இருக்கிறார்கள். ஆனாலும் தாமதம் முழுதாகப் போகவில்லை. பழைய தடைகள் புது வேடத்தில் வருகின்றன.

ஷிப்ட் வேலை செய்கிறவருக்குக் காலை கிளினிக் என்றால் விடுப்பு எடுக்க வேண்டும், அலவன்ஸ் போகும் என்ற கவலை. கர்ப்பம் என்று தெரிந்தால் வேலையில் என்ன சொல்வார்களோ என்று மறைப்பவர்களும் உண்டு. மூன்று பிள்ளை பெற்றவர், எல்லாம் தெரியும், பிறகு போகலாம் என்று இருந்துவிடுகிறார். மாதவிலக்கு ஒழுங்காக வராதவருக்குக் கர்ப்பம் என்றே நான்கு மாதம் வரை தெரிவதில்லை. திருமணம் ஆகாத பெண் வீட்டாருக்குப் பயந்து வயிற்றை மறைக்கிறார். அடையாள அட்டை இல்லாதவரும், வெளிநாட்டிலிருந்து மணமாகி வந்தவரும் என்ன கேட்பார்களோ, எவ்வளவு கட்டணமோ என்று தயங்குகிறார்கள். குடிமக்கள் அல்லாதோருக்கு அரசு மருத்துவமனைக் கட்டணம் அதிகம் என்பதும் உண்மை.

இந்தத் தாமதத்தில் இழப்பது என்ன? குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. ஃபோலிக் ஆசிட் மாத்திரை அதற்கு முன்பே தேவை. முதல் பரிசோதனையில் இரத்த அழுத்தம், இரத்தச் சோகை, இரத்த வகை, சிறுநீர், தொற்றுநோய்கள் எல்லாம் பார்க்கப்படும். பிரசவ நாளைச் சரியாகக் கணக்கிடுவதும் முதல் மாதங்களில்தான் எளிது. நீரிழிவு நம் இந்தியர்களிடையே அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருப்பதை வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. இரத்த அழுத்தமும் அப்படியே. தொடக்கத்து அளவு தெரிந்திருந்தால்தான் பிறகு ஏறியதை மருத்துவர் உடனே கண்டுகொள்வார். உலகச் சுகாதார நிறுவனம் 2016 முதல் கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 சந்திப்புகள், முதலாவது 12 வாரத்துக்குள் என்று பரிந்துரைக்கிறது.

தாமதமாக வந்த பெண்ணைத் திட்டுவதால் பயன் இல்லை. திட்டு வாங்கியவர் அடுத்த முறை இன்னும் தாமதிப்பார். ஐடா தம்மிடம் தாமதமாக வந்தவர்களைப் பார்த்து, அவர்களின் வழியில் என்ன நிற்கிறது என்று தேடினார். அதையே நம் வீடுகளிலும் செய்யலாம்.

மருமகளுக்கு நாள் தள்ளிப்போனால், ஊருக்குச் சொல்ல மூன்று மாதம் காத்திருப்பது குடும்பத்தின் விருப்பம். தாதியிடம் சொல்ல அந்த மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. ஏழாம், ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு மண்டபம் தேடும் அக்கறையில் கொஞ்சம், இரண்டாம் மாதத்தில் கிளினிக்குக்குக் கூட்டிப் போவதற்கும் வேண்டும். கணவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து உடன் போகலாம். காரில்லாத அண்டை வீட்டுப் பெண்ணை நம் காரில் ஏற்றிக்கொள்ளலாம். வேலை செய்கிற பெண்கள் தங்கள் உரிமையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. கர்ப்பத்தைக் காரணமாக வைத்து வேலையை விட்டு நீக்கவும் சட்டம் இடம் தருவதில்லை. மணமாகாத மகள் கர்ப்பம் என்றால் கோபம் வரும்தான். ஆனால் முதலில் கிளினிக்குக்குப் போவோம், மற்றதைப் பிறகு பேசலாம் என்று சொல்லும் ஒருவராவது அந்த வீட்டில் வேண்டும்.

திண்டிவனத்தில் அந்த இரவு இறந்த மூன்று பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது. போகலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. நம் வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால், இந்த வாரமே அவரிடம் கேளுங்கள்: கிளினிக்குக்கு எப்போது போகிறாய், கூட வரட்டுமா என்று.